டாலரில் வாங்கி ரூபாயில் விற்பவருக்கு: இறக்குமதிச் சரக்குக்கு விலை போடும் முழுமையான வழிகாட்டி

சீனாவில் 4.20 டாலருக்கு வாங்கிய பள்ளி முதுகுப்பையை இங்கே என்ன விலைக்கு விற்பது? டாலர் 90 ரூபாய் என்றால் பை 378 ரூபாய், அதன்மேல் 20% வைத்தால் 454. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதே பையின் உண்மையான அடக்கம் 540 ரூபாய் என்று கீழே வரிவரியாகப் பார்க்கப் போகிறோம். 454க்கு விற்றால் ஒவ்வொரு பையிலும் 86 ரூபாய் கையை விட்டுப் போகும். சரக்கு வேகமாக விற்பதால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று தோன்றும். நஷ்டம் தெரிய ஒரு சீசன் ஆகும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. துறைமுகத்தில் கட்டிய ஐஜிஎஸ்டியையும் (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) அடக்கத்தில் சேர்த்து, விற்கும்போது அதன்மேல் மறுபடி ஜிஎஸ்டி போட்டு, பக்கத்துக் கடைக்காரர் விலையோடு போட்டியிட முடியாமல் நிற்பவர்களும் உண்டு.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஒரு நோட்டிலோ எக்ஸெல் தாளிலோ இரண்டு பத்திகள் போடுங்கள். முதல் பத்தி, திரும்பாத பணம்: செலவழித்தால் பையோடு ஒட்டிக்கொள்கிற ரூபாய். இரண்டாவது, திரும்பும் பணம்: இன்று கையிலிருந்து போனாலும் பிறகு வரவாகக் கழிகிற ரூபாய். ஒவ்வொரு பில்லும் இந்த இரண்டில் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் விலை போடுவதில் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டுக்கு 2,000 முதுகுப்பைகள், 50 அட்டைப்பெட்டிகள், மொத்தம் 12 கன மீட்டர், சென்னைத் துறைமுகம் வழியாக. முழு கண்டெய்னர் இல்லை. மற்றவர்கள் சரக்கோடு பகிர்ந்து வருவது, எல்சிஎல். இதில் வரும் டாலர் விலை, கப்பல் வாடகை, உள்ளூர்ச் செலவு எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், முறை மாறாது.

ஆர்டர் கொடுக்கும் முன்பே விலை தெரிய வேண்டும்

இதற்குச் சட்டப்படியே ஒரு காரணம் இருக்கிறது. சில்லறையில் விற்கும் பொதியிட்ட இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரான மாதம், ஆண்டு, வாடிக்கையாளர் தொடர்பு விவரம், எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொதிப்பொருள் விதிகள். இந்த லேபிள் கஸ்டம்ஸை விட்டுச் சரக்கு வெளியே வருவதற்கு முன் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மிகச் சிக்கனமான வழி, தொழிற்சாலையிலேயே ஒட்டச் சொல்வது. அப்படியென்றால் பை தைத்து முடியும் முன்பே எம்ஆர்பி உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். 'சரக்கு வரட்டும், பிறகு விலை பார்ப்போம்' என்பதற்கு இங்கே இடமில்லை.

இன்னொரு காரணம் சீசன். தமிழ்நாட்டில் பள்ளிப்பை வியாபாரம் ஜூன் மாதத்தை ஒட்டி நடப்பது. பாரிமுனை மொத்தக் கடைகளுக்கு அதற்கு வெகு முன்பே சரக்கு போய்ச் சேர வேண்டும். ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும் சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடிவிடும். ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வேலை சூடுபிடிக்க மேலும் நாட்கள் ஆகும். இதைக் கணக்கில் வைக்காமல் ஆர்டர் கொடுத்தவருக்குச் சரக்கு ஜூலையில் வந்து, அடுத்த ஜூன் வரை குடோனில் கிடக்கும்.

முதல் படி: என்ன விலை சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

4.20 டாலர் என்பது எந்த இடம் வரைக்கும்? தொழிற்சாலை வாசல் வரைக்குமா (எக்ஸ் ஒர்க்ஸ்), அந்த ஊர்த் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைக்குமா (எஃப்ஓபி), காப்பீடு, கப்பல் வாடகை சேர்த்துச் சென்னை வரைக்குமா (சிஐஎஃப்)? ஒரே பைக்கு இந்த மூன்றும் மூன்று விலை.

புதியவருக்கு சிஐஎஃப் சுலபமாகத் தெரியும். ஆனால் எல்சிஎல் சரக்கில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சப்ளையர் பேசிய ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்பவர்) அங்கே கப்பல் வாடகையை மிகக் குறைவாகக் காட்டுவார். அவருடைய சென்னை ஏஜென்ட் டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் தாள்) கொடுக்கும்போது 'டெஸ்டினேஷன் சார்ஜஸ்' என்று ஒரு பில் நீட்டி அந்தக் குறையைச் சேர்த்து எடுத்துக்கொள்வார். சரக்கு உள்ளே இருக்கிறது, ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுகிறது. அந்த நிலையில் பேரம் பேச முடியாது. எஃப்ஓபியில் வாங்கி, சென்னையில் நீங்களே ஒரு ஃபார்வர்டரைப் பிடித்து, கப்பல் வாடகை, இங்குள்ள கட்டணங்கள் இரண்டையும் ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் வரிசையாக எல்லாக் கட்டணமும் இருக்கிறதா என்று பாருங்கள். 'மற்றவை உண்மைச் செலவுப்படி' என்று ஒரு வரி இருந்தால் அதற்கு உச்சவரம்பு கேளுங்கள்.

நம் கணக்கில் எஃப்ஓபி 8,400 டாலர், கப்பல் வாடகை 560, காப்பீடு 40. ஆக 9,000 டாலர்.

இரண்டாம் படி: சுங்க வரி

வரி எவ்வளவு என்பதை எச்எஸ்என் எண் (பொருளின் வகை எண்) முடிவு செய்கிறது. பைகள் 4202 என்ற தலைப்பில் வரும்; துணி அல்லது பிளாஸ்டிக் தாள் வெளிப்புறம் கொண்ட முதுகுப்பை 4202 92 வரிசையில் அடங்கும். இந்தியாவில் எட்டு இலக்கம் வரை தெரிய வேண்டும். கடைசி இரண்டு இலக்கத்தை கிளியரிங் ஏஜென்ட்டோடு (கஸ்டம்ஸ் வேலைகளை உங்களுக்காகச் செய்பவர்) உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அப்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள்: இந்த நாட்டிலிருந்து வரும் இந்தப் பொருளுக்கு ஆன்டி டம்பிங் வரி (அடிமாட்டு விலை இறக்குமதியைத் தடுக்கப் போடும் கூடுதல் வரி) உண்டா, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சான்று கட்டாயமா, வர்த்தக ஒப்பந்தத்தால் ஏதாவது சலுகை கிடைக்குமா. ஆசியான் நாடுகளிலிருந்து முறையான மூலச் சான்றிதழோடு வரும் பல பொருட்களுக்கு வரி குறைவு. அதனால் வியட்நாம் பை சற்று விலை கூடுதலாக இருந்தும் சென்னை வந்ததும் மலிவாக முடியக்கூடும்.

அடிப்படைச் சுங்க வரியை இங்கே 15% என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) தாக்கல் செய்யும் சமயத்தில் நடப்பில் உள்ள விகிதத்தை கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சமூக நல சர்சார்ஜ், அடிப்படை வரியில் 10%. அப்புறம் ஐஜிஎஸ்டி 18%.

வரி போடுவது உங்கள் வங்கி விகிதத்தின் மேல் இல்லை, கஸ்டம்ஸ் அறிவிக்கும் விகிதத்தின் மேல். அதை 90 என்று எடுத்துக்கொண்டால்:

மதிப்பு: 9,000 × 90 = 8,10,000
அடிப்படை வரி 15% = 1,21,500
சர்சார்ஜ், அதில் 10% = 12,150
மூன்றும் சேர்த்து 9,43,650
இதன்மேல் ஐஜிஎஸ்டி 18% = 1,69,857

கட்ட வேண்டிய மொத்தம் 3,03,507 ரூபாய். இதில் 1,33,650 திரும்பாத பணம், முதல் பத்திக்கு. ஐஜிஎஸ்டி 1,69,857 திரும்பும் பணம், இரண்டாவது பத்திக்கு. உங்கள் பில் ஆஃப் என்ட்ரியில் ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால் அந்தத் தொகை ஜிஎஸ்டிஆர் 2பியில் (ஜிஎஸ்டி தளத்தில் வரும் உங்கள் வரவுப் பட்டியல்) வந்து சேரும். நீங்கள் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் வரவு வராமல் நிற்கும். ஆகவே தாக்கல் செய்வதற்கு முன் ஏஜென்ட் அனுப்பும் செக் லிஸ்ட்டை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் ஜிஎஸ்டி திட்டம்) இருப்பவருக்கு இந்த வரவு கிடையாது. அவருக்கு ஐஜிஎஸ்டியும் முதல் பத்திதான். கீழே வரும் 540 அவருக்கு 627 ஆகிவிடும். இறக்குமதியைத் தொழிலாகச் செய்ய நினைப்பவர் சாதாரண பதிவுக்கு மாறிக்கொள்வதே நல்லது.

கப்பல் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் ஆதாரத் தாள் வாங்க மறக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகளின்படி, வாடகை இன்னது என்று நிரூபிக்க முடியாவிட்டால் எஃப்ஓபி மதிப்பில் 20% என்றும், காப்பீட்டை 1.125% என்றும் எடுத்துக்கொள்வார்கள். நம் சரக்கில் 560 டாலர் வாடகை 1,680 டாலராகிவிடும். கூடுதல் 1,120 டாலருக்குத் திரும்பாத வரி மட்டும் 16,632 ரூபாய். ஃபார்வர்டரிடம் ஒரு கடிதம் வாங்காததற்கு ஒரு பைக்கு எட்டு ரூபாய்!

இன்வாய்ஸில் பாதி விலை போட்டுத் தருகிறேன் என்று சப்ளையரோ இடைத்தரகரோ சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்குக் காட்டுகிறார்கள் என்பது கஸ்டம்ஸிடம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் நீங்கள் காட்டிய மதிப்பை நிராகரிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வேண்டுமென்றே மறைத்தது என்று நிரூபணமானால் ஏய்த்த வரிக்குச் சமமான அபராதம் வரும். மீதிப் பணத்தை வங்கி வழியாக அனுப்பவும் வழி இருக்காது. அந்த மலிவான விலையை வைத்துப் போட்ட விலைப் பட்டியல் ஒரே நாளில் செல்லாததாகிவிடும்.

மூன்றாம் படி: ஒரே டாலர், மூன்று விகிதம்

எனக்குத் தெரிந்தவரை அதிகம் குழப்புவது இந்த இடம்தான். ஒரே சரக்கில் குறைந்தது மூன்று டாலர் விகிதங்கள் உங்களைத் தொடும்.

முதலாவது வங்கி விகிதம். கூகுளில் தெரிவது வங்கிகள் தங்களுக்குள் பேசும் விலை. உங்களுக்கு விற்கும்போது வங்கி தன் லாபத்தைச் சேர்த்தே விற்கும். அந்தக் கூடுதல் பேரத்துக்கு உட்பட்டது. தொடர்ந்து பணம் அனுப்புகிறவர் கிளை மேலாளரிடம் கேட்டால் சில பைசா இறங்கும், அதுவே 8,000 டாலரில் நூற்றுக்கணக்கான ரூபாயாக வரும். சீன சப்ளையர்கள் வழக்கமாக 30% முன்பணம், சரக்கு தயாரானதும் 70% கேட்பார்கள். ஆக இரண்டு வெவ்வேறு நாட்களின் விகிதம்:

முன்பணம் 2,520 டாலர் × 89.20 = 2,24,784
மீதி 5,880 டாலர் × 90.60 = 5,32,728
சரக்குக்குக் கொடுத்தது 7,57,512 ரூபாய், சராசரி 90.18.

இரண்டு முறை அனுப்பியதற்கு வங்கிக் கட்டணம் 3,000 என்று வைப்போம். அந்நியச் செலாவணி மாற்றுவதற்கும் ஜிஎஸ்டி உண்டு, ஆனால் முழுத் தொகைக்கு இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையான தொகைக்கு 1,000 ரூபாயும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டதில் 0.5%மும் சேர்த்து, அந்தச் சிறு தொகைக்கு மட்டும் 18%. இதுவும் வரவாகக் கழியக்கூடியதே.

இரண்டாவது கஸ்டம்ஸ் விகிதம். இது மாதத்தில் இரண்டு முறை, முதல், மூன்றாம் வியாழக்கிழமை மாலை வெளியாகி மறுநாளிலிருந்து அமலாகும். பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளில் என்ன விகிதம் இருந்ததோ அதுவே உங்கள் சரக்குக்கு. கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம் என்பதால், டாலர் ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் புதிய விகிதம் அமலாகும் முன் தாக்கல் செய்வது ஒரு நியாயமான சிக்கனம். இதைத் தள்ளிப்போடவும் கூடாது. சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000, அதற்குப் பிறகு தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

மூன்றாவது ஃபார்வர்டர் விகிதம். கப்பல் வாடகையை டாலரில் பேசி ரூபாயில் பில் போடும்போது அவரவர் ஒரு விகிதம் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் வங்கியைவிட ஓரிரு ரூபாய் கூடுதலாக. 560 டாலர் × 92 = 51,520. காப்பீடு 40 டாலரை 3,600 ரூபாய் என்று வைப்போம்.

நான்காம் படி: அடக்க விலை

இப்போது முதல் பத்தியை மட்டும் கூட்டலாம். எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி நீக்கியது.

சரக்கு – 7,57,512
வங்கிக் கட்டணம் – 3,000
கப்பல் வாடகை – 51,520
காப்பீடு – 3,600
சுங்க வரியும் சர்சார்ஜும் – 1,33,650
டெலிவரி ஆர்டர், துறைமுகம், சிஎஃப்எஸ் (கண்டெய்னரைப் பிரித்துச் சரக்கு வைக்கும் கிடங்கு) – 38,000
கிளியரிங் ஏஜென்ட் – 8,000
லாரி, ஏற்று இறக்குக் கூலி – 9,000
லேபிள், டேக் – 4,000

மொத்தம் 10,08,282. இரண்டாயிரத்தால் வகுத்தால் 504.14 ரூபாய். பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

ஜிப் ஓடாதது, தையல் பிரிந்தது, ஈரத்தில் கறை பட்டது என்று 2% போனால் விற்கத் தகுந்தவை 1,960 பைகள். பெட்டி பிரிக்கும்போதே இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் இரண்டு முறை லாரி வாடகை. 10,08,282ஐ 1,960ஆல் வகுத்தால் 514.43. ஒரு எச்சரிக்கை: பையைத் தூக்கிப் போட்டால் அதற்குரிய உள்ளீட்டு வரவை (நீங்கள் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை) திருப்பிக் கட்ட வேண்டும். செகண்ட்ஸ் என்று குறைந்த விலைக்குப் பில் போட்டு விற்றால் வரவு தங்கும்.

அடுத்தது வட்டி. உங்கள் சொந்தப் பணமாக இருந்தாலும் வட்டி போடுங்கள், ஏனென்றால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருந்திருக்கும். இங்கேதான் இரண்டாவது பத்தி எட்டிப் பார்க்கிறது. ஐஜிஎஸ்டி அடக்கம் இல்லை, ஆனால் முடங்கிய பணம். 10,08,282 + 1,69,857 = 11,78,139 ரூபாய், சராசரியாக நான்கு மாதம் முடங்குகிறது, மாதம் 1% என்றால் 47,126 ரூபாய். பைக்கு 24 ரூபாய். கடைக்காரருக்கு 60 நாள் கடன் கொடுக்கிறவர் மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

514.43 + 24.04 = 538.47. முழுதாக 540.

540ஐ 4.20ஆல் வகுத்தால் 128.57. அதாவது இந்த வகைச் சரக்கில், இந்த வழியில் வந்தால், எஃப்ஓபியில் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் குடோனில் இறங்கும்போது ஏறக்குறைய 129 ரூபாய். பழைய இறக்குமதியாளர்கள் 'டாலருக்கு எவ்வளவு விழுகிறது' என்று கேட்டுக்கொள்வது இந்த எண்ணைத்தான். சந்தையில் டாலர் 90, உங்களுக்கு அது 129 என்று மனதில் பதியும்வரை சப்ளையரோடு பேரம் பேச உட்காராதீர்கள்.

பல பொருள் ஒன்றாக வந்தால்

முதுகுப்பையோடு சக்கரப் பெட்டியும் பென்சில் பவுச்சும் வந்தால், செலவை மதிப்பின்படி மட்டும் பிரிப்பது பெரிய பிசகு. வரியும் காப்பீடும் மதிப்பைப் பார்த்து வருபவை, அவற்றை மதிப்பின்படி பிரியுங்கள். கப்பல் வாடகை, சிஎஃப்எஸ், லாரி ஆகியவை இடத்தைப் பார்த்து வருபவை, அவற்றைக் கன மீட்டர்படி பிரியுங்கள். லேபிள் எண்ணிக்கைப்படி.

நம் சரக்கில் இடத்தைச் சார்ந்த செலவு 51,520 + 38,000 + 9,000 = 98,520. 12 கன மீட்டருக்கு வகுத்தால் கன மீட்டருக்கு 8,210 ரூபாய். முதுகுப்பைக்கு 49 ரூபாய்தான் விழுகிறது. இதே விகிதத்தில் 0.08 கன மீட்டர் பிடிக்கும் 20 டாலர் சக்கரப் பெட்டிக்கு 657 ரூபாய்! மதிப்பின்படி பிரித்திருந்தால் 235 என்று காட்டியிருக்கும். ஒரு பெட்டியில் 422 ரூபாய் மறைந்திருக்கிறது. பவுச்சில் நல்ல லாபம், பெட்டியில் நஷ்டம், இரண்டும் கலந்து எதுவும் தெரியாமல் போகும். பெரிய பெட்டிக்குள் நடுத்தரம், அதற்குள் சிறியது என்று அடுக்கி வாங்குவதன் லாபமும் இந்தக் கணக்கில்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: மார்க்கப், மார்ஜின்

இரண்டும் ஒன்றில்லை. மார்க்கப் அடக்கத்தின்மேல், மார்ஜின் விற்பனை விலையின்மேல். 540க்கு 25% மார்க்கப் போட்டால் 675. அதில் மார்ஜின் 20%தான். 25% மார்ஜின் வேண்டுமென்றால் 540ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும்: 720. கடைக்காரர் 'எனக்கு 25% வேண்டும்' என்றால் எதன்மேல் என்று கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். எம்ஆர்பியின்மேல் கேட்கிறவரும் இருக்கிறார், தான் வாங்கும் விலையின்மேல் கேட்கிறவரும் இருக்கிறார்.

அடக்கத்திலிருந்து மேலே ஏறி விலை போடுவது பாதி வழிதான். சந்தையிலிருந்து கீழே இறங்கியும் பார்க்க வேண்டும். இதே தரப் பையை வாடிக்கையாளர் கடையில் உண்மையில் என்ன கொடுத்து வாங்குகிறார்? லேபிளில் 1,299 இருந்தாலும் பேரம் முடிந்து 1,099 என்று வைப்போம். வரி இதற்குள் அடக்கம், ஆகவே 1.18ஆல் வகுக்க வேண்டும்: 931. (1,099இல் 18% கழித்தால் 901 வரும், அது தவறான கணக்கு.) கடைக்காரருக்கு விற்பனை விலையில் 25% விட்டால், அவர் உங்களிடம் வாங்கக்கூடியது 698. உங்கள் அடக்கம் 540. பைக்கு 158 ரூபாய், மார்ஜின் 22.6%.

நடுவில் மொத்த வியாபாரி ஒருவர் இருந்து அவர் 8% எடுத்தால் உங்களுக்கு 642தான் வரும், மார்ஜின் 16%க்கு இறங்கும். இந்த மார்ஜினுக்குள்தான் குடோன் வாடகை, சம்பளம், விற்பனைப் பிரதிநிதி கமிஷன், வராமல் போகும் பாக்கி எல்லாம் அடங்க வேண்டும். ஆன்லைன் தளத்தில் நேரடியாக விற்கலாம் என்று தோன்றும். 931 முழுவதும் கைக்கு வராது. கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பி வரும் பைகள் மூன்றையும் கழித்துவிட்டு 698ஐவிட மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தளம் பிடிக்கும் 0.5% டிசிஎஸ் (விற்பனையில் தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) திரும்பும் பணம்.

சந்தைக் கணக்கும் அடக்கக் கணக்கும் சந்திக்காவிட்டால் ஆர்டர் கொடுக்காதீர்கள். 4.20ஐ 3.90 ஆக்க முடியுமா, வேறு மாதிரிக்குப் போகலாமா என்று அப்போதே பார்க்கலாம். கப்பல் கிளம்பிய பிறகு முடியாது.

முதல் பையின் விலையிலேயே கடைசிப் பையும் விற்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 1,960இல் 1,400 பைகள் 698க்கும், ஜூன் நடுவில் 400 பைகள் 640க்கும், மிச்சம் 160 அடக்கத்துக்கே 540க்கும் போனால், மொத்தம் 13,19,600 ரூபாய். பைக்குச் சராசரி 673, மார்ஜின் 19.8%. பட்ஜெட்டை இந்தச் சராசரியின்மேல் போடுங்கள். சீசன் முடிந்து மிஞ்சியதை அடக்கத்துக்கு விற்க மனம் வராமல் ஓராண்டு அடுக்கி வைத்தால், வட்டி மட்டும் பைக்கு 60 ரூபாயைத் தாண்டும். அடுத்த ஆண்டு அந்தப் படம் போட்ட பையைப் பிள்ளைகள் கேட்பார்களா என்பதும் தெரியாது.

ஆறாம் படி: டாலர் நகர்ந்தால்

2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய்க்கு அருகில் இருந்த டாலர், ஆகஸ்ட் கடைசியில் 68ஐத் தாண்டியது. நான்கு மாதத்துக்குள், அதாவது ஆர்டர் கொடுத்து, சரக்கு வந்து, விற்று முடிக்கும் காலத்துக்குள். அது எல்லா ஆண்டும் நடப்பதில்லை, ஆனால் ஓரிரண்டு ரூபாய் நகர்வது சாதாரணம்.

'ஒரு ரூபாய் எண்' ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் ஒரு பைக்கு எவ்வளவு? டாலரில் 9,000, அதன்மேல் திரும்பாத வரி 16.5%, 9,000 × 1.165 = 10,485 ரூபாய். விற்கத் தகுந்த 1,960 பைகளுக்கு வகுத்தால் 5.35. டாலர் மூன்று ரூபாய் ஏறினால் பைக்கு 16 ரூபாய், உங்கள் 158 ரூபாயிலிருந்து. இந்த ஒரு எண் கையில் இருந்தால் செய்தியில் டாலர் பற்றிக் கேட்டதும் பதறவோ, கவனிக்காமல் விடவோ மாட்டீர்கள்.

அடக்கத்திலேயே 2% செலாவணிக் காப்பு வைப்பது ஒரு வழி. பெரிய தொகையானால் மீதி 70%க்கு வங்கியில் ஃபார்வர்டு கான்ட்ராக்ட் போட்டு விகிதத்தைப் பூட்டலாம். அதற்குப் பிரீமியம் உண்டு, அதுவும் முதல் பத்தி. விலைப் பட்டியலின் அடியில் 'இந்த விலை 15 நாட்களுக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் மூன்று மாதம் முன்பு அனுப்பிய பட்டியலைக் காட்டி அதே விலைக்குக் கேட்பவருக்கு அந்த ஒரு வரியே பதில்.

குடோனில் 540க்கு இறங்கிய பை இருக்கிறது, டாலர் ஏறிவிட்டது, அடுத்த லோடு 556க்கு வரும். பழைய பையை எந்த விலைக்கு விற்பது? என் தீர்மானம்: அடுத்த லோடின் அடக்கத்தை வைத்து விலை போடுங்கள். பழைய விலையில் விற்ற பணத்தைக் கொண்டு அதே எண்ணிக்கை பையைத் திரும்ப வாங்க முடியாது, சரக்கு ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கும். ஏற்கெனவே உறுதி சொன்ன ஆர்டர்களை மட்டும் பழைய விலைக்கே கொடுத்துவிடுங்கள். டாலர் இறங்கும்போது இதே நியாயம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். புதிய லோடு மலிவாக வாங்கியவர் சந்தைக்கு வரும் முன் பழையதைத் தள்ளிவிட வேண்டும், மார்ஜின் குறைந்தாலும் சரி. கணக்குப் புத்தகத்தில் சரக்கின் மதிப்பு வாங்கிய அடக்கத்தில், அல்லது விற்றால் கிடைப்பது அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த தொகையில் இருக்கும். திரும்பப் பெறக்கூடிய வரி அதில் சேராது. அது ஆடிட்டர் பார்க்கும் கணக்கு, நீங்கள் விலை போடும் கணக்கு வேறு.

கடைசிப் படி: லோடு முடிந்ததும்

பில்கள் எல்லாம் வந்த பிறகு, ஆர்டருக்கு முன் போட்ட மதிப்பீட்டுத் தாளுக்கு அருகில் உண்மைச் செலவை எழுதுங்கள். எந்த வரி பிசகியது என்று பாருங்கள். பெரும்பாலும் அது சிஎஃப்எஸ் வரியாக இருக்கும், அல்லது டேமேஜ். இரண்டுக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஆவணம் தாமதமானதா, பெட்டி மெலிதா, தொழிற்சாலையில் சரிபார்க்க ஆள் போகவில்லையா.

பிறகு 'டாலருக்கு எவ்வளவு' எண்ணைத் திருத்தி, எந்த டாலர் விகிதத்தில் வந்தது என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை சப்ளையர் புதிய மாதிரியின் படத்தை அனுப்பி 3.80 டாலர் என்றால், 129ஆல் பெருக்கி 490 என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். அதே அளவு மடிந்து, அதே எண்ணிக்கை ஒரு பெட்டியில் அடங்குகிறதா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். அடங்காது என்றால் கன மீட்டர் வரியிலிருந்து மறுபடி போட வேண்டும்.